கருப்புக் கண்ணாடி பங்களாவுல பெட்டி இருக்குதுன்னு சொன்னவன் நான்தான்

பங்களாவுல இப்போ ரூமுக்கு ரூமு போர்டு வெச்சிட்டாங்களாம். யுத்தத்தப்போ இந்த ரூம்ல இன்னா நடந்துச்சி, யாரு இருந்தாங்கன்னு மூணு பாஷையில எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்களாம். இப்போ அங்க வேல பாக்கற பசங்க ரெண்டு பேரு போன மாசம் வூட்டுக்கு வந்து, "அண்ணா, போர்டு வந்தப்பறம் எவனும் எங்க வாயப் பாக்க மாட்டேன்றான். நீங்க இருக்கும்போது இன்னாதான் சொல்லுவீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்க"ன்னு கேட்டாங்க. நான் சொன்னதுல பாதி பொய்யிடான்னேன். எந்தப் பாதின்னு கேட்டாங்க. அதுக்குத்தான் இத எழுதறேன். நான் எட்டாவது பெயிலு. தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கினு படிங்க.

விக்கிரவாண்டி தாண்டி திண்டிவனம் போற ரோட்ல எறங்கி, உள்ள ரெண்டு மைல் மல்லாட்டைக் கொல்லைங்க நடுவுல நடந்தா பங்களா வரும். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அத ஏத்துமதி பண்ணுன ஒரு பெரிய யாவாரி கட்டினது. கதவு, ஜன்னலு, படிக்கட்டு எல்லாம் பர்மா தேக்கு. அவரு அதுல குடியிருந்தது கொஞ்ச நாளுதான். ரெண்டாவது யுத்தம் வந்ததும் பட்டாளம் வந்து வூட்ட எடுத்துக்கிச்சி. மாடியில வெள்ளக்கார ஆபீசருங்க, கீழ காய்ச்சல்ல உழுந்த சிப்பாய்ங்களுக்கு ஆஸ்பத்திரி. ஏரோப்ளேன்லேர்ந்து பாத்தா வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கருப்பு பெயிண்ட் அடிச்சிட்டாங்க. ஒவ்வொரு ரூம் கதவுலயும் வெள்ள பெயிண்ட்ல நம்பரு. மொட்ட மாடியில கையால சுத்தற அபாயச் சங்கு ஒண்ணு, பின்னால பதுங்கு குழி. யுத்தம் முடிஞ்சி பட்டாளம் போனப்பறம் அந்தக் குடும்பத்துக்காரங்க அதுல கால் வெக்கல. மெட்ராசுக்குப் போயிட்டாங்க. ரொம்ப வருசம் கழிச்சி கவர்மெண்ட்டு எடுத்து, ஜனங்க பாக்கறதுக்குத் தொறந்து வுட்டுது. கண்ணாடிய மட்டும் அப்படியே கருப்பா வெச்சிருந்தாங்க.

நான் அதுல தினக்கூலிக்குச் சேந்தது எண்பத்தி ரெண்டுல. எனுக்கு இருவது வயசு. எங்க ஊர்ல என்னிய வெச்சிக்கினு ஒருத்தரும் நிம்மதியா இருந்ததில்ல. மாட்டுக்கு லாடம் அடிக்க வர்றவரு குல்லாய அந்த மாட்டுக்கே மாட்டி வுடுவேன். சனியன் எங்கியாவது போய்த் தொலையட்டும்னு எங்கப்பா யார் கால்லயோ உழுந்து இந்த வேலைய வாங்கிக் குடுத்தாரு. ட்ரெய்னிங்னு ஒண்ணும் கெடையாது. மூணு நாளு பின்னாலயே நடந்தேன், நாலாவது நாளு வெளக்கமாத்தக் கையில குடுத்துட்டாங்க.

என் மேலதிகாரி கோதண்டம் சாரு. கேர்டேக்கரு. இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதோ ஒரு சப்-ஜெயில்ல வார்டரா இருந்தவரு. விழுப்புரத்துலேர்ந்து பஸ்ல வந்து, கொடைய ஊனிக்கினு அந்த ரெண்டு மைலும் நடந்தே வருவாரு. சைக்கிள்ல ஏத்திக்கினு வர்றேன்னு ஒரு வாட்டி சொன்னேன். "எதுக்கு?"ன்னு கேட்டாரு. சும்மாதான் சார்னேன். அதோட நிறுத்திட்டேன், ஏன்னா அவருக்கு உலகத்துலயே பிடிக்காத வார்த்த 'சும்மா'. பாக்க வர்றவங்க கையெழுத்துப் போடற நோட்டுல 'நோக்கம்'னு ஒரு கட்டம் இருக்கும். பத்துல ஒம்போது பேரு அதுல 'சும்மா'ன்னுதான் எழுதுவாங்க. அவரு அந்தப் பக்கத்தையே பாத்துக்கினு, "சும்மா எவன்யா வருவான்?"னு எங்கிட்ட கேப்பாரு, என்னமோ நான்தான் அவங்கள வரச் சொன்ன மாதிரி.

அவரு வேல பாக்கற விதமே தனி. உள்ள போறவங்கள எண்ணுவாரு, வெளிய வர்றவங்கள எண்ணுவாரு. நடுவுல நான் அவங்க கூடவே போகணும், ஆனா முன்னாடி நடக்கக் கூடாது. முன்னாடி நடந்தா அவன் கைய நீ பாக்க முடியாதுன்னுவாரு. அதனால நான் எப்பவும் பின்னாலேர்ந்துதான் கத சொல்லுவேன், அவங்க கழுத்தத் திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. மாசத்துக்கொரு தபா எல்லா ஜன்னல் கண்ணாடியையும் எண்ணுவாரு. வெளக்கமாத்தக் கூட எண்ணுவாரு. கல்யாணமான புதுசுல ஜோடியா வர்றவங்க மேல அவருக்கு டவுட்டு ஜாஸ்தி. பள்ளிக்கூட வாத்தியாருங்க மேல அத வுட ஜாஸ்தி.

சாயங்காலம் பூட்டும்போது ஒவ்வொரு கதவு கீலு சந்துலயும் ஒரு தீக்குச்சிய ஒடிச்சி சொருகி வெப்பாரு. காலைல வந்து அது அப்படியே இருக்குதான்னு பாத்துட்டுத்தான் தொறப்பாரு. யாராவது தொறந்திருந்தா குச்சி கீழ உழுந்திருக்கும், அதான் கணக்கு. நான் சும்மா இருப்பேனா? ஒரு நாள் காலைல அவரு வர்றதுக்கு முன்னாடி, ரெண்டாம் நம்பர் ரூம் கீலுல இருந்த குச்சிய எடுத்துட்டு, அத வுட நீளமா ஒண்ணு சொருகிட்டேன். மனுசன் அந்தக் கதவு முன்னாடி ஒரு மணி நேரம் நின்னாரு. வேர்வையில அவரு சட்ட முதுகோட ஒட்டிக்கிச்சி. அப்பால அந்த வேலைய நான் பண்ணல.

இப்போ பெட்டி கத.

திண்டிவனத்துலேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பசங்க டூரு வந்தாங்க. நல்ல வெயிலு. நாலாம் நம்பர் ரூம்ல நான் உண்மையச் சொல்லிக்கினு இருக்கேன். இங்கதான் நோயாளிங்க படுத்திருந்தாங்க, இது அவங்க மருந்து வெச்ச அலமாரின்னு. பசங்க ஒருத்தன ஒருத்தன் கிள்ளிக்கினு இருக்கானுங்க. கூட வந்த டீச்சரு கொட்டாவி வுடறாங்க. எனுக்கு மானம் போச்சி. உடனே கொரல எறக்கி, "பட்டாளம் காலி பண்ணும்போது ஒரு தொர ஜல்தி ஜல்தியா கெளம்பினாரு. கொண்டு போவ முடியாம ஒரு பெட்டிய இந்த ரூம்ல, ஜன்னலுக்குக் கீழ, தரையில பொதச்சிட்டுப் போனாரு. அத எடுக்க அவரு திரும்பி வரவே இல்ல"ன்னேன். அவ்ளோதான், ஒரு சத்தம் இல்ல. டீச்சரு கொட்டாவிய பாதியில நிறுத்திட்டாங்க.

அதுலேர்ந்து அந்தப் பெட்டிய நான் வுடல. ஆளப் பாத்து சைசு மாறும். கோலியனூர்லேர்ந்து வெவசாயிங்க வந்தா மரப்பெட்டி. பாண்டிச்சேரிக்காரங்க வந்தா இரும்புப் பெட்டி, ரெண்டு பூட்டு. கல்யாண ஜோடி வந்தா உள்ள தொரசானியோட நகைங்க. உள்ள இன்னா இருந்துச்சின்னு நான் தீத்துச் சொல்ல மாட்டேன், அவங்க மூஞ்சியே சொல்லும். வெளிய போவும்போது எல்லாரும் ஒரு தபா அந்த ஜன்னலத் திரும்பிப் பாப்பாங்க. எனுக்கு அது போதும்.

கோதண்டம் சாரு முன் கூடத்துல மேஜ போட்டு உக்காந்திருப்பாரு. நான் பேசறது எல்லாம் அவருக்குக் கேக்கும். அவரு ஒரு வார்த்த கேட்டதில்ல. ஒரே ஒரு நாள், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவக் கழுவிக்கினே, "அந்தப் பெட்டி விஷயம் உனுக்கு யாரு சொன்னது?"ன்னு கேட்டாரு. நான்தான் சார் கட்டி வுட்டேன்னு சொல்லியிருக்கலாம். திட்டுவாருன்னு, "யுத்தத்தப்போ இங்க வேல செஞ்ச ஒரு பெரியவரு சொன்னாரு சார்"னுட்டேன். பெரியவரு எங்கன்னாரு. செத்துப் பூட்டாருன்னு சொல்லி அவரையும் முடிச்சிட்டேன். சரின்னு தலைய ஆட்டிட்டு டப்பாவத் தொடச்சாரு. ஒரு பொய்க்குக் காவலா இன்னொரு பொய்ய நிக்க வெச்சிட்டு நான் போய் மரத்தடியில தூங்கினேன்.

நாலு வருசம் ஆச்சி. எண்பத்தி ஆறு. தினக்கூலியில இருக்கறவங்கள நெரந்தரம் பண்றாங்கன்னு சொல்லி, கேர்டேக்கரு சிபாரிசு கேட்டு, பூர்த்தி பண்ணி அனுப்பச் சொல்லி ஒரு பாரம் வந்திருந்துச்சி. அது அவரு மேஜ டிராயர்ல கெடக்குது. அவருக்கு ரிடையராவறதுக்கு எட்டு மாசந்தான் பாக்கி. நான் வால சுருட்டி வெச்சிக்கினு நல்ல புள்ளையா இருந்த காலம் அது.

அப்போதான் காத்தவராயரு வர ஆரம்பிச்சாரு.

மரக்காணம் பக்கத்துல ஒரு குப்பத்துக்காரரு. கடல்ல போயிப் போயி கருத்த ஒடம்பு, வயசு அறுவத்தஞ்சு இருக்கும். ஞாயித்துக்கெழம தனியா வந்தாரு. நோட்டுல நோக்கம்ன்ற எடத்துல கைநாட்டு வெச்சாரு, பேரப் போடற எடத்தக் காலியா வுட்டுட்டாரு. பேர நான்தான் கேட்டு எழுதினேன். மத்த ரூமு எதையும் பாக்கல. நேரா நாலாம் நம்பரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "நீ சும்மா இரு தம்பி"ன்னுட்டு, ஜன்னல் பக்கமா சொவரு ஓரம் ஒவ்வொரு அடியா வெச்சி நடந்தாரு. ஒதடு அசையுது, எண்றாரு. அப்பால சொவத்துல கைய வெச்சித் தடவினாரு. போயிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்தாரு. இடுப்புலேர்ந்து ஒரு கயித்த எடுத்தாரு, வல கட்டற கயிறு, நடு நடுவுல முடிச்சி. தரையில போட்டு அளக்கறாரு. அது சரியா நான் பெட்டி பொதச்ச எடம். பெரியவரே, இங்க முன்ன வந்திருக்கீங்களான்னு கேட்டேன். பட்டாளம் இருந்தப்போ இங்கதான் வேல செஞ்சேன்னாரு. நான் பொய்யா செஞ்சி, பொய்யாவே சாவடிச்ச ஆளு எழுந்து வந்து எதுர்ல நிக்கற மாதிரி இருந்துச்சி. திரும்பிப் பாத்தா வாசப்படியில கோதண்டம் சாரு நிக்கறாரு. அவரு அதக் கேட்டுட்டாரு.

மூணாவது ஞாயித்துக்கெழமையும் அதே மாதிரி வந்தாரு, அளந்தாரு, போனாரு. அன்னிக்கு சாயங்காலம் கோதண்டம் சாரு, "நீ கெளம்பு, நான் பூட்டிக்கிறேன்"னாரு. நாலு வருசத்துல அப்படிச் சொன்னதே இல்ல. எனுக்கு எங்கக்கா வூட்டுக்குப் போவ வேண்டியிருந்துச்சி. குஷியா கெளம்பிட்டேன்.

திங்கக்கெழம பங்களா லீவு, கூட்டிப் பெருக்கறது மட்டுந்தான். நான் போறதுக்கு முன்னாடியே அவரு வந்திருந்தாரு. "ஏழுமல, இங்க வா"ன்னாரு. நாலாம் நம்பர் கதவுகிட்ட தீக்குச்சி கீழ கெடக்குது. உள்ள ஜன்னலுக்குக் கீழ கடப்பாக் கல்லு ரெண்டு பேத்து எடுத்திருக்கு. ஒண்ணு சரிபாதியா ஒடஞ்சி கெடக்குது. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். பள்ளத்துல ஒண்ணுமில்ல, மண்ணுதான்.

கல்லு ஒடஞ்சதால மூடி மறைக்கவும் வழியில்ல. மாசக் கடைசியில விழுப்புரத்துலேர்ந்து ஆபீசரு வருவாரு, அவரு கண்ணுக்கு அதுதான் மொதல்ல தெரியும். "எளுதி அனுப்பணும். ஆளு பேரோட எளுதணும்"னு கோதண்டம் சாரு சொன்னாரு. வலது கையில கைக்குட்டைய சுத்தியிருந்தாரு. பஸ் கதவுல நசுங்கிடுச்சின்னாரு.

அந்த ஒரு வாரம் நான் சந்தேகப்படாத ஆளு இல்ல. வாசல்ல சோடா விக்கறவன் கைய மோந்து பாக்காத கொறையா பாத்தேன். ரெண்டு தபா குடும்பத்தோட வந்து போன கண்டக்டரு ஒருத்தரு, அவரு பஸ்ல ஏறி அவரு நகத்தப் பாத்தேன். "இன்னாடா, மோதிரம் வாங்கித் தரப் போறியா?"ன்னாரு. எங்க சித்தப்பன் மவன் ஒருத்தன், பெட்டி கதைய எங்கிட்ட மூணு தபா கேட்டவன், அவன் வூட்டுப் பின்னால கடப்பாற ஈரமா இருக்குதான்னு போயி தொட்டுக் கூடப் பாத்தேன். அவங்கம்மா கோழி புடிக்க வந்துட்டேன்னு நெனச்சி தொரத்துனாங்க.

கோதண்டம் சாருக்கு அந்த அலைச்சல் எதுவும் இல்ல. நோட்டத் தொறந்தாரு, மூணு ஞாயித்துக்கெழமையும் வெரல வெச்சிக் காட்டுனாரு. யுத்தத்துல இங்க வேல செஞ்சவன், அதே ரூமு, அதே ஜன்னலு, கையில அளவு கயிறு. இதுக்கு மேல இன்னா வேணும்னாரு. ஸ்டேஷன்ல சொல்லி வெச்சிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம கான்ஸ்டபிளு வருவாரு, பெரியவரு வந்தா புடிச்சிக் குடுத்துடலாம்.

பெட்டியே கெடையாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான். கத கேட்ட எவனோ தோண்டியிருக்கான். ஆனா அதச் சொன்னா, அந்தப் பள்ளத்துக்குக் காரணம் நானுன்னு ஆயிடும். டிராயர்ல இருக்கற பாரம் அதோட போச்சி. பெரியவரு வராம இருந்துட்டா நல்லாருக்கும்னு எங்க ஊரு அம்மனுக்குக் கற்பூரம் கூட ஏத்தினேன். நான் கற்பூரம் ஏத்துனதப் பாத்து எங்கம்மாவுக்கே டவுட்டு வந்துடுச்சி, எந்தப் பொண்ணுடான்னு கேட்டாங்க.

பெரியவரு வந்தாரு. கயித்தோட.

நாலாம் நம்பர் ரூம்லயே வெச்சிக் கேட்டாங்க. கான்ஸ்டபிளு அலமாரி மேல சாஞ்சி நின்னாரு. கோதண்டம் சாரு கதவ அடச்சி நின்னாரு. பள்ளத்தப் பாத்ததும் பெரியவரு, "ஐயய்ய, இதுல எப்படி அளக்கறது?"ன்னாரு.

"எத அளக்கறதுக்கு வர்ற?"ன்னு கான்ஸ்டபிளு கேட்டாரு.

"கட்டிலுதான்."

ரூம்ல ஒரு கட்டிலும் இல்ல. கான்ஸ்டபிளு என்னியப் பாத்தாரு, நான் தரையப் பாத்தேன்.

பெரியவரு உக்காந்துக்கினு நிதானமா சொன்னாரு. யுத்தத்தப்போ கட்டுமரத்தக் கடல்ல எறக்கக் கூடாதுன்னுட்டாங்களாம். அதனால பொழப்புக்கு இங்க வந்து நோயாளிங்களத் தூக்கற வேல பாத்தாராம். அஞ்சலாட்சின்னு ஒரு பொண்ணு இங்க தர கழுவிக்கினு இருந்துச்சாம், அதத்தான் பின்னால கல்யாணம் கட்டுனாராம். அந்தம்மாவுக்கு இப்போ ரெண்டு கண்ணும் போயிடுச்சி. வெளிய எதையும் பாக்க முடியாததால பழசத்தான் பாத்துக்கினு உக்காந்திருக்கு. இந்த ஜன்னலுக்குக் கீழ வரிசையில பதினோரு கட்டிலு இருந்துச்சின்னு அந்தம்மா சொல்லுது. ஒம்போதுன்னு இவரு சொல்றாரு. வாயில சொன்னா அந்தம்மா ஒத்துக்காது. ஒரு கட்டிலுக்கு ரெண்டு மொழம், நடுவுல பூந்து தர தொடைக்க ஒரு மொழம், அதுக்குத்தான் கயித்துல முடிச்சி. போன வாரம் அளவு சொன்னதுக்கு, கதவு எந்தப் பக்கம் தொறக்கும், அத வுட்டுட்டு அளந்தியா, சேத்து அளந்தியான்னு கேட்டிருக்கு. அதப் பாக்க வந்திருக்காரு.

"கட்டில் எண்றதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி எவன்யா வருவான்?"னு கோதண்டம் சாரு கேட்டாரு. "பெட்டி எங்க இருந்துச்சின்னு இங்க வேல செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

"இன்னா பெட்டி? நாங்க ரெண்டு பெட்டிதான் கண்டோம்"னாரு பெரியவரு. "ஒண்ணு மருந்துப் பெட்டி. அது பலிக்கலன்னா வெளியத் தூக்கிக்கினு போற பெட்டி. அத நான்தான் தூக்கினேன். உள்ள இருந்ததுல பாதிப் பேருக்கு மீச கூட மொளைக்கல."

அந்த ரூம்ல நின்னு நாலு வருசமா எத்தினி கத சொல்லியிருக்கேன், இது எனுக்குத் தெரியாது.

கான்ஸ்டபிளு தொப்பிய எடுத்து மாட்டிக்கினாரு. எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க பெரியவரேன்னாரு. பெரியவரு கயித்த முழங்கையில சுத்திக்கினே என்னியப் பாத்து, "தம்பி, சாயங்கால பஸ்ஸுக்கு நான் போவலன்னா அவ கஞ்சி குடிக்க மாட்டா. எங்க குப்பத்துக்கு யார்கிட்டயாவது சொல்லி வுடறியா?"ன்னாரு.

என் வாய் எப்பவும் என்னியக் கேட்டுப் பேசுனதில்ல. அன்னிக்கும் கேக்கல.

"சார், பெட்டின்னு ஒண்ணு கெடையாது. நான் கட்டி வுட்ட கத. பசங்க கொட்டாவி வுட்டாங்கன்னு சொன்னது."

கான்ஸ்டபிளு நேரா வந்து என் பொடனியில ஒண்ணு வெச்சாரு. அது எனுக்கு வலிக்கல. ஏன்னா நான் கோதண்டம் சார பாத்துக்கினு இருந்தேன். அவரு என்னிய அடிப்பாரு, டிராயரத் தொறந்து பாரத்தக் கிழிப்பாருன்னு நெனச்சேன். அவருக்குக் கோவமே வரல.

"இங்க வேல செஞ்சி செத்துப் பூட்ட பெரியவரு ஒருத்தரு சொன்னாருன்னு சொன்னியே?"

"அப்படி ஒருத்தரு இல்ல சார். அதுவும் நான்தான்."

"நாலாம் நம்பர் ரூம்னு?"

"அன்னிக்கு நான் நின்ன ரூமு இதுதான் சார்."

"ரெண்டு பூட்டு இருந்துச்சின்னியே?"

"பாண்டிச்சேரிக்காரங்க வந்திருந்தாங்க, அதான்."

"நெஜமாவே இல்லியா?"

இல்ல சார்னேன். அவரு கை தளந்து போயி தொங்குச்சி. கைக்குட்ட அவுந்து பாதி கீழ சரிஞ்சிது. உள்ளங்கையில வரிசையா கொப்புளம். பஸ் கதவுல நசுங்கினா நகம் கருக்கும், உள்ளங்கையில கொப்புளம் வராது. கடப்பாறை புடிச்சிப் பழக்கமில்லாதவன் ஒரு சாயங்காலம் பூரா கல்லு பேத்தா வரும். ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு அவரு இடுப்புல. பூட்டு ஒடையல. என்னிய சீக்கிரம் போவச் சொன்ன ஞாயித்துக்கெழம. கண்டக்டரு நகத்த எல்லாம் பாத்தேன், என் எதுர்ல மேஜ போட்டு உக்காந்திருந்த கைய மட்டும் பாக்கல. அவரு மேல சந்தேகப்படணும்னு எனுக்குத் தோணவே இல்ல, சந்தேகப்படறது அவரு வேலன்னு இருந்துட்டேன்.

நான் பாத்தத அவரு பாத்துட்டாரு. கைய மூடிக்கினாரு.

கான்ஸ்டபிளு இன்னா புரிஞ்சிக்கினாருன்னு தெரியல. "அப்போ இத யாரு தோண்டுனது?"ன்னு பொதுவா கேட்டாரு.

"பெருச்சாளியா இருக்கும்"னாரு கோதண்டம் சாரு.

கான்ஸ்டபிளு குனிஞ்சி, ரெண்டா ஒடஞ்ச கடப்பாக் கல்லத் தூக்கிப் பாத்து, திரும்ப வெச்சாரு. "நல்லாத்தான் தீனி போட்டு வளத்திருக்கீங்க"ன்னுட்டு சைக்கிள எடுத்துக்கினு போயிட்டாரு.

பெரியவரு மட்டும் அளக்காம போவ மாட்டேன்னுட்டாரு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கயித்த நான் புடிச்சேன், அந்தப் பக்கம் அவரு. கதவு தொறக்கற எடத்த வுட்டுட்டு எண்ணுனா பத்து வந்துச்சி. ரெண்டு பேரு சொன்னதும் தப்பு. பெரியவரு, "பதினொண்ணுன்னே சொல்லிடறேன். இல்லன்னா வாரா வாரம் அனுப்புவா"ன்னாரு. அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப வந்து நின்னாரு. இவ்ளோ ஜல்தியா நான் சொன்னத ஒத்துக்கினியே, நீ அளக்கவே இல்லன்னு அந்தம்மா சொல்லிடுச்சாம்.

மேல எளுதி அனுப்பின பேப்பர்ல பெருச்சாளின்னுதான் போட்டாரு. சாட்சின்னு நான் கையெழுத்துப் போட்டேன். கல்லு புதுசா வாங்கிப் பதிச்சோம், மத்த கல்லு கூட ஒட்டாம இன்னும் தனியா தெரியும், போயி பாருங்க. அவரும் நானும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசிக்கல. அவரு என்னிய எண்ணுவாரு, நான் அவரு முன்னாடி என் கையத் தொறந்தே வெச்சிக்கினு நடப்பேன். மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம், ஆனா ஒருத்தர் டப்பாவ ஒருத்தர் பாக்க மாட்டோம்.

ஒரு மாசம் கழிச்சி பாரம் மேஜ மேல இருந்துச்சி. படிச்சிட்டு ஒறையில போடுன்னாரு. 'நம்பகமானவரா?'ன்னு ஒரு கேள்வி. அதுக்கு நேரா ஆம்னு எளுதி, பக்கத்துலயே கையெழுத்துப் போட்டிருந்தாரு. வாயத் தொறந்தா பொய்யி சொல்றவன்னு தெரிஞ்சே எளுதினாரா, வாய மூடிக்கினு இருப்பேன்னு எளுதினாரான்னு நான் கேக்கல. அந்த ஒரு வார்த்தையிலதான் எனுக்கு வேல நெரந்தரமாச்சி, கல்யாணமாச்சி, ரெண்டு புள்ளைங்க படிச்சிது.

பெட்டி கதைய அன்னியோட நிறுத்திட்டேன். ஜனங்க நிறுத்தல. எங்கெங்கியோ ஊர்லேர்ந்து வருவாங்க, அந்தப் பெட்டி ரூமு எதுன்னு கேப்பாங்க. பெட்டி எல்லாம் இல்லீங்க, இங்க காய்ச்சல்ல சின்ன சின்னப் பசங்க செத்தாங்க, பத்து கட்டில் இருந்துச்சின்னு சொல்லுவேன். கண்ணடிச்சிக்கினு போவாங்க. எடுத்தாச்சா, இன்னும் இருக்குதான்னு காதுல கேப்பாங்க. உண்மையச் சொல்லி ஜனங்கள நம்ப வெக்கறது இவ்ளோ பேஜாருன்னு எனுக்கு அப்போதான் தெரிஞ்சிது.

கோதண்டம் சாரு ரிடையரான அன்னிக்கு மால கூட வாணாம்னுட்டாரு. சாவிக் கொத்த எண்ணிக் குடுத்தாரு, நான் எண்ணி வாங்கினேன். கொடைய எடுத்துக்கினு வாசப்படி எறங்கினவரு நின்னாரு. ரோட்டையே பாத்துக்கினு, கொரல எறக்கிக் கேட்டாரு.

"ஏழுமல, இப்போ நான் அதிகாரியும் இல்ல, ஒண்ணுமில்ல. அந்தப் பெட்டி... நெஜமாவே நீ கட்டி வுட்டதுதானா?"

எங்கம்மா மேல சத்தியமா கட்டி வுட்டதுதான் சார்னேன்.

அவரு என் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தாரு. நாலு வருசமா பாத்த மாதிரிதான் பாத்தாரு. "சரி"ன்னாரு. மல்லாட்டைக் கொல்ல வழியா நடந்து போயி, திரும்பற எடத்துல நின்னு, நாலாம் நம்பர் ஜன்னல ஒரு தபா பாத்துட்டுப் போனாரு.